கிணத்து வீட்டுக்காரி ரேடியோவுல பேசுனது

அந்த ஒயரைக் காதுலேருந்து கொஞ்சம் எடுக்கியா தாயி. பக்கத்துல ஒரு மனுஷி உக்காந்து, தள்ளி உக்காருன்னு எத்தனை மட்டம் சொல்லுதேன், நீ பாட்டுக்கு சன்னலைப் பாத்துக்கிட்டு வார. இந்த பஸ்சு தென்காசி போயிச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆவும். என்ன கேக்க, பாட்டா? பாட்டுன்னா கேளு, நான் ஒண்ணும் சொல்லலை. ரேடியோன்னு மட்டும் சொல்லிராத. எங்க பக்கத்துல ஒரு காலேஜுக்காரன் ரேடியோ வச்சிருக்கான்லா, ஊர்க்கதை பேசுத ரேடியோ, அதைக் கேக்கேன்னு சொன்னேன்னு வையி, நான் எந்திரிச்சு டிரைவர் பக்கத்துல போயி நின்னுக்கிடுவேன்.

சிரிக்காத. சிரிக்கதுக்கு ஒண்ணுமில்ல இதுல. ஒரு குடும்பத்தோட பேரைக் கெடுத்துப்புட்டான் அந்தப் பாவி. கெடுத்தது அவனா, அவன் வேலைக்கு வச்சிருக்க அந்தக் கொள்ளையில போவா தங்கமாரியா, இல்ல அந்த மாடத்தியான்னு நீயே சொல்லு. நான் யாருன்னு கேக்கியா? பனையடிக்குளத்துல வந்து கிணத்து வீடு எதுன்னு கேட்டா சின்னப்பிள்ளைகூட கையைக் காட்டும். அந்தக் கிணத்து வீட்டு மருமவ நான், ஆவுடையம்மா. கல்யாணமாயி வந்து நாப்பத்தி நாலு வருசம் ஆச்சு.

எங்க மாமனாரு பேரு சங்கரமூர்த்தி. மூணு வருசம் மழை இல்லாம ஊரே வேத்தூருக்குப் போயி பொதி மாட்டுல தண்ணி கொண்டாந்த காலத்துல, அவுகதான் ஊருக்குக் கிணறு வெட்டிக் குடுத்தாவ. கைப்பிடிச் சுவத்துல கல்லுலயே செதுக்கிருக்கும், சங்கரமூர்த்தி உபயம்னு. நான் கல்யாணமாயி வந்து மாட்டு வண்டியில எறங்குனப்ப மொத மொதல்ல வாசிச்சதே அந்தக் கல்லைத்தான். எட்டாப்பு படிச்சவ நான், சும்மா நெனைச்சிராத.

இப்ப பஞ்சாயத்துல அந்தக் கிணத்துக்குப் பக்கத்துலயே மேல்நிலைத் தொட்டி கட்டுதாவ. நாலு காலு வச்சு, வீட்டு வீட்டுக்குக் குழா. கட்டி முடிச்சா தொட்டியில பேரு எழுதணும்லா, பெருசா, நீல எழுத்துல, பஸ்சுல போறவன் வாரவன் எல்லாம் வாசிக்க மாதிரி. சங்கரமூர்த்தி நினைவு குடிநீர்த் தொட்டி. அவ்வளவுதான் எனக்கு வேணும். வேற ஒரு ஆசையும் இல்ல தாயி. என் வீட்டுக்காரரு போயிட்டாவ, மவ கட்டிக்குடுத்த எடத்துல இருக்கா, மவன் துபாய்ல இருக்கான், வர மாட்டான். அந்தப் பேரு ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம். பஞ்சாயத்துத் தலைவரு யாரு? எங்க கொழுந்தன் மவன் குத்தாலிங்கம். அவன் சரி பெரியம்மான்னு சொல்லி ஆறு மாசம் ஆச்சு. பெயிண்டுகாரன்ட்ட சொல்லியாச்சு. அதுக்குள்ளதான் இந்த ரேடியோ வந்து விழுந்துச்சு.

மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்புடாது. ஞாயித்துக்கிழம காலம்பற பதினோரு மணிக்குத் தங்கமாரி எங்க ஊரு பேச்சுன்னு போடுவா. டீக்கடையில ஸ்பீக்கர் குழாயைக் கட்டி வச்சிருவான், தெரு முழுக்கக் கேக்கும். குளத்துக்கு ஏன் அந்தப் பேரு, தேரு ஏன் வடக்கால திரும்புது, காலரா வந்த வருசம் யாரு யாரைப் பொதைச்சா, இப்படி. என்னையக்கூட ஒரு மட்டம் கூப்பிட்டு, கல்யாண வீட்டுத் தேங்காப்பால் சொதி எப்படி வைக்கதுன்னு கேட்டா. பத்து நிமிசம் பேசுனேன். தெருவுல எல்லாரும் ஆச்சி குரலு எவ்வளவு கணீர்னு இருக்குன்னு சொன்னாவ. அதுலேருந்து எனக்கும் ரேடியோன்னா ஒரு இது.

அந்தத் தங்கமாரி எப்படி இருப்பான்னு கேக்கியா, தொண்டைக்குள்ள தேனை ஊத்தி வச்சுருப்பா. கழுத்துல ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கையில சின்னதா ஒரு மைக்கு. வாங்கம்மா, சொல்லுங்கம்மா, அப்புறம் என்ன ஆச்சும்மா. இந்த அப்புறம் என்ன ஆச்சும்மாங்கதுலதான் ஊரையே கவுத்துப்புட்டா.

பங்குனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழம, நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன், ரேடியோவுல மாடத்தி பேசுதா. யாரு மாடத்தின்னு கேளு. கீழத்தெருக்காரி. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குதவ. நான் தெருவுல நடந்து போனா ஓரமா நின்னு அம்மான்னு சொல்லுவா, நாப்பத்தி நாலு வருசமும் அப்படித்தான். அவ என்ன சொல்லுதா? அந்தக் கிணறு இருக்க எடம் எங்க தாத்தா இருளப்பன் எடங்கா. எங்க தாத்தாதான் உள்ள எறங்கி வெட்டுனாருங்கா. தண்ணி வந்த பெறவு மேலத்தெருக்காரங்க வந்து, எடத்தைக் குடு, ஊருக்குப் பொதுவா வச்சுக்கிடுவோம்னு வாய்வார்த்தையாக் கேட்டாங்களாம். இவரு குடுத்தாராம். அவுக சுவரைக் கட்டி, கல்லுல பேரைச் செதுக்கிக்கிட்டு, அதுக்கு மறுநாளே எங்களைத் தண்ணி எறைக்கக் கயிறு போட விடலைன்னு சொல்லுதா. கோவமாச் சொன்னாலும் பரவால்ல. சோறு வடிக்கதைப் பத்திச் சொல்லுத மாதிரி சொல்லுதா.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிட்டு. வெங்காயத்தை அப்படியே போட்டுட்டு, அடுத்த பஸ்சைப் புடிச்சு நேரா காலேஜுக்குப் போனேன். வாச்சுமேன் ஞாயித்துக்கிழம யாரும் இல்லேங்கான். தள்ளுலன்னு சொல்லிட்டு உள்ள போனேன். ரேடியோ ரூமுன்னா என்னமோ நெனைச்சேன், முட்டைத் தட்டு ஒட்டுன மாதிரி சுவரு, உள்ள இந்தக் குட்டி உக்காந்திருக்கா. நான் ஏசுன ஏச்சுல வேற எவளா இருந்தாலும் அழுதிருப்பா. இவ மடக்கு மடக்குன்னு தண்ணியைக் குடிச்சிட்டு, நீங்களும் உங்க குடும்பத்துக் கதையைச் சொல்லுங்கம்மா, அதையும் போடுதோம்னு சொன்னா. அவங்க எடுத்துக்கிட்ட அதே நேரம், அதே அளவுங்கா.

சரின்னேன். ஆனா ஒரு நிபந்தனைன்னேன். நான் பேசுததுல ஒரு வார்த்தைகூட வெட்டப்புடாது. அவ என்ன சொல்லுதான்னு கேளு. மொதல்ல பதிவு பண்ணிக்கிடுவோம், நீங்க ஒருதரம் போட்டுக் கேளுங்க, வேண்டாம்னு தோணுதத எடுத்துருவோம், மாடத்தி அம்மாகூட ரெண்டு மட்டம் கேட்டுட்டு ஒரு எடத்தை எடுக்கச் சொல்லிட்டாங்கன்னு சொல்லுதா. என்னத்த எடுக்கச் சொன்னான்னு விடாமக் கேட்டேன். உங்க மாமியாரைப் பத்தி ஒண்ணு சொன்னாங்கம்மா, பெறவு அந்த வீட்டுல இருக்கவங்க வெசனப்படுவாங்க, வேண்டாம்னு சொல்லிட்டாங்கங்கா. பாத்தியா? பயம். பொய்யைச் சொல்லிட்டு மாட்டிக்கிடுவோம்னு எடுத்திருக்கா. உண்மையச் சொல்லுதவளுக்கு எதுக்கு வெட்டு?

எனக்குப் பதிவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நேரா பேசுதேன், பேசப் பேச ஊரு கேக்கட்டும்னேன். நேரலைன்னா நேயர்கள் போன் பண்ணுவாங்கம்மா, கேள்வி கேப்பாங்கன்னு இழுத்தா. கேக்கட்டும்ட்டின்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழம பட்டு கட்டிக்கிட்டுப் போனேன். ரேடியோவுல சேலை தெரியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் நமக்கு ஒரு தெம்பு வேணும்லா. மைக்கு முன்னால உக்காந்தேன், சிவப்பு லைட்டு எரிஞ்சுது, ஆரம்பிச்சேன். எங்க மாமனாரு வண்டி கட்டிக் கல்லு கொண்டாந்ததைச் சொன்னேன். அம்பது பேருக்குக் கூழு ஊத்துனதைச் சொன்னேன். கீழத்தெருக்காரவுக அந்தக் கிணத்துல கயிறு போட மாட்டாவ, நாங்க போடாதன்னு ஒருநாளும் சொன்னது இல்ல, அவுகளா போட மாட்டாவ, எங்க மேல அவ்வளவு மரியாதைன்னு சொன்னேன். தங்கமாரி கண்ணு கொட்டாம கேட்டுக்கிட்டு இருந்தா.

பெறவு, எங்க குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம்னு ஊருக்குத் தெரியட்டும்னு முதல் குடத்தைப் பத்திச் சொன்னேன். ஒனக்கும் சொல்லுதேன். வருசா வருசம் அம்மன் கோயில் கொடைத் திருநா அன்னைக்கு, சாமிக்குத் தண்ணி எடுக்கதுக்கு முன்னாலயே, கிணத்துல முதல் குடம் எடுத்து, எங்க வீட்டு மருமவ தலையில சொமந்துக்கிட்டுப் போயி இருளப்பன் வீட்டு வாசல்ல எறக்கணும். செருப்பு போடப்புடாது. வழியில யார்ட்டயும் பேசப்புடாது. அது எறங்குத வரைக்கும் பல்லுல தண்ணி படப்புடாது. அவுக ஒரு கை அள்ளிக் குடிச்ச பெறவுதான் நாம திரும்பணும். அதுக்குப் பெறவுதான் கொடைக்கு மேளமே. சாமிக்கு முந்தி ஏழைக்குத் தண்ணி குடுக்க குடும்பம் எங்க குடும்பம்னு சொன்னேன். நாப்பத்தி நாலு வருசத்துல ஒரு வருசம் தவற விட்டது இல்ல. நெறமாசத்துல சொமந்திருக்கேன். எங்க மாமியாரு சாகக் கெடக்கும்போதுகூட என் கையைப் புடிச்சுக்கிட்டு, எது விட்டாலும் அதை விட்டுராத ஆவுட, அதை விட்டா அந்தக் கிணறு நம்மகிட்ட நிக்காதுன்னு சொன்னா. அதையும் ரேடியோவுல சொன்னேன். அவ்வளவு பக்தி அவளுக்கு அம்மன் மேல.

பேசி முடிச்சேன். ஒரு போன் வந்துச்சு. மேலக்குறிச்சியிலேருந்து ஒருத்தி, பேரு உலகம்மைன்னா. அம்மா ரொம்ப நல்லாப் பேசுனீங்க, எங்க ஊர்லயும் இந்த முதல் குடம் உண்டுன்னா. எனக்கு வாயெல்லாம் பல்லு. பெறவு சொல்லுதா:

"எங்க ஊர்ல கிணறு யாரு மண்ணுல வெட்டுனாங்களோ அவங்க வாசலுக்குத்தாம்மா முதல் குடம் போவும். எங்க அய்யா எடத்துல வெட்டுனதால எங்க வீட்டுக்கு வருது. அப்ப உங்க ஊர்ல அந்த எடம் இருளப்பன் எடம்தானம்மா?"

அவ வம்புக்குக் கேக்கல. அதுதான் எனக்கு இன்னும் எரியுது. சும்மா, பக்கத்து வீட்டுக்காரிட்ட கேக்க மாதிரி கேட்டுட்டா. சிவப்பு லைட்டு எரியுது. தங்கமாரி என்னையவே பாக்கா, ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்திருக்கலாம்லா அவ, ஒரு பாட்டைப் போட்டிருக்கலாம்லா. வாயில வந்ததைச் சொன்னேன். "அவுக மண்ணாவே இருந்துட்டுப் போட்டும், கிணறு எங்க கிணறு"ன்னேன்.

அதுல என்ன தப்பு? நீயே சொல்லு. எடம் ஒருத்தருதா இருக்கும், அதுல கட்டுன வீடு இன்னொருத்தருதா இருக்காதா? வீடும் கிணறும் ஒண்ணு இல்லைன்னு சொல்லுதியா? நீயும் அவுக மாதிரிதான் பேசுத.

ஊருக்கு வாரேன், டீக்கடையில ஒருத்தன்கூட என் மூஞ்சியைப் பாக்கலை. எங்க மேலத்தெருக்காரனுவளே பேப்பரைப் புரட்டுதானுவ. மூணாம் வீட்டு வள்ளிமயிலு மட்டும் வந்து, ஏன் மயினி, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லான்னு கேட்டா. வாசலோட அனுப்பிட்டேன். அதுலேருந்து அவ வீட்டுல ரேடியோவைச் சத்தமா வைக்கா, எனக்குக் கேக்கணும்னே.

மே ஒண்ணாம் தேதி கிராம சபை. நான் முன் வரிசையில போயி உக்காந்தேன். குத்தாலிங்கம் என்னையப் பாக்காமலே தீர்மானத்தை வாசிக்கான். இருளப்பன் நினைவு குடிநீர்த் தொட்டி. கை தூக்கச் சொன்னான். கீழத்தெரு தூக்கும், அது தெரியும். மேலத்தெருவுலயும் பாதிக்கு மேல தூக்கிட்டானுவ. எந்திரிச்சு, ஏலே ஒன்னைய நான் இடுப்புல தூக்கி வளத்தேன்னு சொன்னேன். அவன் ஒண்ணுதான் சொன்னான். "பெரியம்மா, மாடத்தி சொன்னப்ப எவனும் நம்பலை. நீங்கதான சொன்னிய. ஒவ்வொருத்தனும் அதைப் போன்ல பதிஞ்சு வச்சிருக்கான்."

நான் விடுவனா? அங்கனயே நின்னு சொன்னேன். சரி, பேரை எழுதிக்கிடுங்க. இந்த வருசம் கொடைக்கு எங்க வீட்டுலேருந்து குடம் எறங்காது. முதல் குடம் இல்லாம எப்படி மேளம் கொட்டுதியன்னு பாக்கேன்னேன். மாடத்தி பின்னால உக்காந்திருந்தா. கையைக் கட்டிக்கிட்டு என்னையப் பாத்தா.

எனக்குத் தெரியும் தாயி, ஊருக்காரவுக வந்துதான் ஆவணும். நாப்பத்தி நாலு வருசம் நான் சொமந்து போயி எறக்குன வாசலு அது. ஒரு நாளைக்குக் குடம் வரலைன்னா மாடத்தி வீட்டுல தவிச்சுப் போயிருவாவன்னு நெனைச்சேன். மேலத்தெரு பெரியவுக நாலு பேரு வருவாவ, குத்தாலிங்கம் கால்ல விழுவான், பெரியம்மா கொடையைக் கெடுத்துராதியன்னு. நான் கொஞ்ச நேரம் நிக்க வைப்பேன். பெறவு, பேரை மாத்தி எழுதுன்னு சொல்லிட்டுக் குடத்தைத் தூக்கிருவேன். கொடையை நிறுத்துத அளவுக்கு நான் கெட்டவ இல்ல.

வைகாசி, போன செவ்வாய்க்கிழம கொடை. காலம்பற அஞ்சு மணிக்கே குளிச்சு, பித்தளைக் குடத்தைப் புளி போட்டு வெளக்கி, கதவுக்குப் பின்னால வச்சுட்டு உக்காந்தேன். பல்லுல தண்ணி படலை. வாசக்கதவு தொறந்தே கெடக்கு. ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு. நாலஞ்சு பேரு தெருவோட போறான், எவனும் திரும்பிப் பாக்கலை. ஒம்பது மணிக்கு வள்ளிமயிலு வீட்டு ரேடியோவுல தங்கமாரி சத்தம். அந்தக் குட்டி எங்க கிணத்துக்கிட்டயே மைக்கைக் கொண்டாந்துட்டா. நம்ம ஊர்க் கொடையை நேரடியா கேக்கிறீங்கன்னு ஆரம்பிச்சு, கூட்டத்தைச் சொன்னா, வேப்பிலையைச் சொன்னா. பெறவு, மாடத்தி அம்மா இப்பக் கயிறு போடுதாங்கன்னு சொன்னா. அதுக்கப்புறம் அவ பேசலை. உருளை சுத்துத சத்தத்தை மட்டும் கேக்க விட்டா.

என் கிணத்துச் சத்தத்தை நான் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து ரேடியோவுல கேக்கேன், பாத்துக்கோ. குலவை போடுதாவ. மேளம் கொட்டியாச்சு. நான் இல்லாம கொட்டியாச்சு. கதவைச் சாத்தணும்னு தோணுது, சாத்தலை.

ஒரு அரை மணி நேரம் இருக்கும். வாசல்ல நெழலு. மாடத்தி. தலையில எவர்சில்வர் குடம், சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு. பின்னால நாலு பொம்பளைய, அந்தத் தங்கமாரியும். அவ மைக்கை எடுக்கலை, அதைச் சொல்லிருதேன், அவ கை சும்மாதான் இருந்துச்சு. மாடத்தி படி ஏறலை. நான் ஏறச் சொல்லலை, அவளும் கேக்கலை. அங்கனயே குடத்தை எறக்கி வச்சா.

"முதல் குடம் எங்க வீட்டுக்குக் கொண்டு போயாச்சு. ரெண்டாவது அம்மனுக்கு. இது மூணாவது, ஆவுடைக்கா. உங்களுக்கு"ன்னா.

அக்கா. நாப்பத்தி நாலு வருசமா அம்மா, அன்னைக்கு அக்கா. அவ கதவுக்குப் பின்னால வெளக்கி வச்சிருந்த குடத்தைப் பாத்துட்டா. அதை எடுத்துக் குடுங்கன்னா. குடுத்தேன். ஏன் குடுத்தேன்னு கேக்காத. ஊத்துனா. ஊத்திட்டு நிக்கா. ஒரு கை குடிங்க ஆவுடைக்கா, நான் போவணும், கோயில்ல எல்லாரும் காத்துக் கெடக்காவன்னு சொல்லுதா. முறைப்படி நான் குடிச்சாத்தான அவ திரும்பணும்.

குடிச்சேன். காலம்பறலேருந்து பட்டினி, தாகம் வேற. ஒரு கைன்னு அள்ளுனேன், மூணு கை குடிச்சிட்டேன். தெருவே பாத்துக்கிட்டு நிக்கு.

அவ ஒரே ஒரு வார்த்தை ஏசியிருந்தா போதும் தாயி. எங்க தாத்தா மண்ணு, எங்க தாத்தா தண்ணி, இத்தனை வருசம் எங்களை வாசல்ல நிக்க வச்சுக் குடிக்க வச்சியேன்னு ஒரு வார்த்தை. நானும் வாயைத் தொறந்திருப்பேன், ஊரு கூடியிருக்கும், ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். ஏசலையே. நான் வாயைத் தொடைக்க வரைக்கும் நின்னா, வெறுங்குடத்தை எடுத்து இடுப்புல வச்சா, போயிட்டா. ஏசாதவட்ட நான் என்னன்னு சண்டை போட?